அந்த ஒரு சொல்ல அழிச்சுத் தாங்க: எங்க பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஃபாதருக்கும், பேரவையில இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் களியக்காவிளை ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி டிடிபி கடை வச்சிருக்கேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். பதினாலு வருஷமா காலைல ஷட்டர தூக்கினா ராத்திரி வரைக்கும் தமிழும் மலையாளமும் மாத்தி மாத்தி அடிக்கிறதுதான் என் வேலை, கல்யாண பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, தாலுகா ஆபீசுக்கு மனு, பாறசாலைக்காரங்களுக்கு மலையாளத்துல விண்ணப்பம்னு. ஒரு எழுத்து மாறினா ஒருத்தர் பேரே மாறிப்போகும், ஒரு சொல்லு மாறினா சொத்தே கைமாறிப்போகும், அத கண்ணால பாத்தவ நான். அப்படிப்பட்ட நான்தான் தவக்காலத்துக்கு முன்னால உங்க செயலாளர் கொண்டுவந்த அந்தக் கடுதாசிய ஒரு வார்த்தை கேக்காம டைப் பண்ணி நாப்பது காப்பி எடுத்துக் கொடுத்தேன். "மேற்படி குடும்பம் இன்று முதல் திருச்சபை விலக்கு செய்யப்படுகிறது, பங்கு மக்கள் எவரும் நல்லது கெட்டதில் கலந்துகொள்ளக் கூடாது." இதுதான் அதுல இருந்தது. கடையில கூட்டம், கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துட்டிருந்தது, நான் எழுத்துப்பிழை மட்டும் பாத்துட்டுக் கொடுத்துட்டேன். நாலு மாசமா அது என் நெஞ்சுல கிடக்கு, அதான் இந்த மடல்.

முதல்ல நடந்தத சொல்லிடறேன், இந்தப் பங்குக்கு வெளிய இருக்கிறவங்களும் படிப்பாங்க. அந்த வீட்டு அண்ணாச்சி கொத்தனாரு. சாரத்துலேர்ந்து விழுந்து காலு ஒடிஞ்சு ஆறு மாசமா வேலை இல்ல. அந்த வருஷ திருவிழா வரி குடும்பத்துக்கு ஆறாயிரம். அவரு பொதுக்கூட்டத்துல எழுந்திருச்சு ரெண்டு காரியம் கேட்டாரு, ஒண்ணு இந்த வருஷம் எனக்கு முடியாது விலக்குத் தரணும்னு, இன்னொண்ணு கல்லறைத் தோட்டத்து மதில் கட்டின கணக்க வாசிக்கணும்னு. வரி விவகாரத்தோட நின்னிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு நான் நினைக்கேன், ரெண்டாவது கேள்விதான் வலிச்சது. மதில் கணக்க பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. கணக்கு கேட்டதுக்குக் கணக்கு சொல்லியிருக்கலாம், இல்ல கோவம் வந்தா கோவப்பட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். நீங்க எடுத்தது வேற ஒரு ஆயுதம், அது உங்களுக்குச் சொந்தமான ஆயுதமே கிடையாது.

என் மாமியாருக்குச் சொந்த ஊரு சங்கனாச்சேரி பக்கம், சுறியானிங்கிற பழைய பாஷை வழிபாட்டு மரபுல வந்த கத்தோலிக்கக் குடும்பம். நோட்டீஸ் காப்பி ஒண்ண வீட்டுல பாத்துட்டு அவிய கேட்டது இதுதான், "மகறோன் சொல்லியாச்சா? ஆரு சொன்னாரு, மெத்ரானா?" மகறோன்னா திருச்சபை விலக்கு, மெத்ரான்னா பிஷப். நான் "இல்ல, பங்குப் பேரவைக் கமிட்டி"ன்னேன். அவியளுக்கு அது புரியவே இல்ல. கமிட்டி எப்படி மகறோன் சொல்லும்னு ராத்திரி முழுக்க அதையே கேட்டுட்டிருந்தாவ. சின்ன வயசுல அவிய வீட்டுல அந்தச் சொல்ல சத்தமாக் கூட சொல்ல மாட்டாங்களாம், இடி விழுறதப் பத்திப் பேசுற மாதிரிதான் பேசுவாங்களாம்.

அந்தக் கேள்விலதான் நான் முழிச்சேன். சொல்லுக்குப் பின்னால போய்ப் பாக்கலாம்னு தோணுச்சு. கடைக்கு நோட்ஸ் அடிக்க வர்ற செமினரி தம்பி ஒருத்தர் கிட்ட புத்தகம் வாங்கிப் படிச்சேன், கேட்டேன், திரும்பக் கேட்டேன்.

மகறோன்ங்கிறது சுறியானி வழியா மலையாளத்துக்கு வந்த சொல்லு. எபிரேயத்துல ஹேரெம், அரபில ஹராம், இதெல்லாம் ஒரே வேருல முளைச்சது. பழைய தமிழ் வேதாகமத்துல யோசுவா ஆகமத்துல இதுக்கு "சாபத்தீடு"ன்னு போட்டிருப்பாங்க, எரிகோவுல ஆகான் எடுத்து ஒளிச்சு வச்சானே அந்தப் பொருள். ஆனா முதல் அர்த்தம் சாபம் இல்ல. கடவுளுக்குன்னு ஒதுக்கினது, இனி மனுஷன் தொடக் கூடாதது, அதுதான் முதல் அர்த்தம். கிரேக்கத்துல அனாத்தெமான்னு சொல்றதும் அப்படித்தான், முதல்ல கோயில்ல காணிக்கையா வச்ச பொருளு, பிறகுதான் அது சபிக்கப்பட்டதுன்னு ஆச்சு. நம்ம ஊரு பேச்சுல சொன்னா நேர்ந்து விட்டது. நேர்ந்து விட்ட ஆட்ட யாரும் கைவைக்க மாட்டாங்கல்ல, அதுக்குச் சொந்தக்காரர் வேற ஆளு. நான் இதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் கடையில சும்மா உக்காந்திருந்தேன். விலக்கப்பட்டவன் உன் கையிலேர்ந்து கடவுள் கைக்குப் போயிட்டான், இனி உனக்கு அவன் மேல அதிகாரம் இல்லன்னுதானே இதுக்கு அர்த்தம் வருது. நாம அத அவன என்ன வேணும்னாலும் பண்ணலாம்னு மாத்திட்டோம்.

தமிழ்ல "விலக்கு"ன்னு எடுத்தா இன்னும் பாருங்க. வரிவிலக்கு, மதுவிலக்கு. நம்ம வீட்டுப் பொம்பளைங்கள மாசத்துல மூணு நாளு ஒதுக்கி வச்சாங்களே, அதுக்கும் விலக்குன்னுதான் பேரு. ஆனா ரெண்டு பேரு அடிச்சுக்கும்போது ஊருல பெரியவங்களக் கூப்பிட்டு என்ன சொல்லுவோம், "போய் விலக்கி விடுங்க"ன்னு. அதுவும் விலக்குறதுதான். அண்ணாச்சி கேட்டது வரியில விலக்கு, கிடைச்சது சபையில விலக்கு. சண்டைய விலக்கி விட வேண்டிய இடத்துல நீங்க இருந்தீங்க, ஆள விலக்கி விட்டுட்டீங்க.

இப்ப சட்டத்துக்கு வாறேன். 1983-ம் வருஷத்து திருச்சபைச் சட்டம்தான் இப்ப நமக்கு இருக்கிறது, தண்டனை பத்தின பகுதிய மட்டும் 2021-ல திருத்தினாங்க. அதுல இந்த விலக்குக்கு மருந்துத் தண்டனைன்னு பேரு. சத்தியமா, அதுதான் வார்த்தை. ஆள வெட்டி எறிய இல்ல, திரும்பி வரவைக்க. 1331-ம் சட்டம் என்னென்ன தடைன்னு சொல்லுது, நன்மை, அதாவது பூசையில கொடுக்கிற அப்பம், வாங்கக் கூடாது, மத்த அருட்சாதனம் வாங்கக் கூடாது, வழிபாட்டுல பொறுப்பு எடுக்கக் கூடாது, சபைப் பதவி வகிக்கக் கூடாது, இப்படி. அவன் கூட பேசாத, அவன் வீட்டுச் சாயா குடிக்காத, அவன் பிள்ளைக்கு ஆட்டோ ஓட்டாதன்னு அதுல ஒரு வரி கிடையாது. 1917-ம் வருஷத்து பழைய சட்டத்துல ஒதுக்கி வைக்கிற வகை ஒண்ணு இருந்தது உண்மை, ஆனா அதுக்கும் ரோமாபுரிலேர்ந்து பேரு சொல்லி அறிவிக்கணும், அப்பவும் புருஷன் பொஞ்சாதி, பெத்தவங்க, பிள்ளைங்க, வீட்டு வேலைக்காரங்க பழகலாம்னு விதிவிலக்கு வச்சிருந்தாங்க. அந்த வகையையே 1983-ல எடுத்துட்டாங்க. ரோமாபுரி விட்டுட்டத நம்ம பங்குல பிடிச்சு வச்சிருக்கோம்.

இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு, என்னால விட முடியல. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கணும், திருந்த நேரம் கொடுக்கணும், அது இல்லாம இந்தத் தண்டனை போட்டா செல்லவே செல்லாது, இது 1347-ம் சட்டம். குத்தம் பண்ணின ஆளுக்குத்தான் தண்டனை, குடும்பத்துக்குன்னு ஒண்ணு கிடையாது. பதினாறு வயசு முடியாத பிள்ளைக்கு எந்த சபைத் தண்டனையும் கிடையாது, 1323. அந்த வீட்டு இளைய பிள்ளைக்கு எட்டு வயசு. புதுநன்மை வகுப்புல அது பேரு மேல கோடு போட்டிருந்தது, நான் அந்த லிஸ்ட்டையும் அடிச்சவதான், அதனால தெரியும். அப்புறம் 536, பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்ற உரிமை மட்டும்தான் உண்டு. அண்ணன்மாரே, ஆலோசனை மட்டும். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கிற சொல்ல எழுத உங்களுக்கு அனுமதியே இல்ல. பண்ணினது ஊர்விலக்கு, போட்டுக்கிட்டது திருச்சபை பேரு.

ஊர்விலக்குன்னே எழுதியிருந்தா? அப்பவும் நான் எதிர்த்திருப்பேன். ஆனா அது ஒரு ஊருக்கும் ஒரு வீட்டுக்கும் உள்ள சண்டைன்னு எல்லாருக்கும் விளங்கியிருக்கும், போலீஸ் ஸ்டேஷனோ கோர்ட்டோ போயிருக்கலாம். திருச்சபை விலக்குன்னதும் என்ன ஆச்சு, அந்த வயசான பெரியம்ம, அண்ணாச்சிக்க அம்மை, கடவுளே தன்ன வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு நம்பிட்டாவ. எழுவத்தெட்டு வயசு. கையில ஜெபமாலைய வச்சுக்கிட்டு சொல்லாம இருந்தாவ. "எனக்குச் சொல்லலாமா பிள்ள?"ன்னு என் அம்மைகிட்ட கேட்டிருக்காவ.

அத நான் கொஞ்சம் விவரமாச் சொல்லணும். எங்க வீட்டுக்கும் அவிய வீட்டுக்கும் நடுவுல இடுப்பளவு வெட்டுக்கல் சுவரு. நோட்டீஸ் வாசிச்ச ஞாயித்துக்கிழமைலேர்ந்து பகல்ல அந்தச் சுவத்துப் பக்கம் யாரும் போறதில்ல, எங்க அப்பா உட்பட, அவருக்கு கமிட்டிய பகைக்க பயம். ராத்திரி எட்டு மணிக்கு மேல என் அம்மை பின்கட்டு லைட்ட அணைச்சிட்டு, தூக்குவாளில கஞ்சி ஊத்தி, பிடி சுடும்னு பழைய தோர்த்து முண்டச் சுத்தி, சுவத்து மேல வச்சிட்டு வந்துரும். சத்தம் போட மாட்டா, கூப்பிட மாட்டா. விடியக்காலைல பாத்தா வாளி கழுவி அதே இடத்துல இருக்கும், உள்ள ஒரு பிடி முருங்கைக்கீரை இருக்கும், வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாதில்லையா. நாப்பது நாளுக்கு மேல இது நடந்தது. ரெண்டு பொம்பளைங்க அம்பது வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்து பூசை கண்டவங்க, இருட்டுல திருட்டு மாதிரி கஞ்சி கைமாத்திக்கிட்டாங்க. இது நடக்கறதுக்கு நான் அடிச்ச நாப்பது காப்பி காரணம்.

காந்திக்கும் இது நடந்திருக்கு. 1888-ல சீமைக்குப் படிக்கப் போறேன்னதும் பம்பாயில அவரு சாதிக்காரங்க கூட்டம் போட்டு விலக்கி வச்சாங்க, வழியனுப்பப் போறவனுக்கு ஒரு ரூபா நாலணா அபராதம். திரும்பி வந்த பிறகும் மாமனார் வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு இருந்தாரு. அவிய யாருக்கும் தெரியாமக் கொடுக்கத் தயாராத்தான் இருந்தாங்க, வெளிப்படையா செய்ய முடியாதத ஒளிஞ்சு செய்ய எனக்கு மனசில்லன்னு எழுதி வச்சிருக்காரு. அது அவரால முடிஞ்சது. எழுவத்தெட்டு வயசு நோயாளிக்கு கஞ்சி வேணும்.

நம்ம பக்கத்து ஸ்டேட்ட எடுத்துக்கிட்டா இன்னும் கொடுமை. நம்பூதிரி இல்லங்கள்ல பிரஷ்டுன்னா, ஆள வெளிய அனுப்பி படியடச்சு பிண்டம் வைப்பாங்க, உயிரோட இருக்கிற ஆளுக்குச் சாவுச் சடங்கு. 1905-ல குறியேடத்து தாத்ரிங்கிற நம்பூதிரிப் பொம்பளய கள்ள உறவுன்னு விசாரணை பண்ணி அவங்களோட அறுபதுக்கும் மேல ஆம்பளைங்கள தள்ளி வச்சது கேரளா முழுக்கத் தெரிஞ்ச கதை. "படியடச்சு பிண்டம் வச்சாச்சு"ன்னு மலையாளத்துல இன்னைக்கும் பேச்சு வழக்குல சொல்றாங்க. நம்ம கதை மட்டும் என்ன? நம்ம பூட்டன்மாரு திருவிதாங்கூர்ல கோயில் ரோட்டுல நடக்கக் கூடாதுன்னு வச்சிருந்தவங்கதானே, 1936 நவம்பர் 12 வரைக்கும் கோயில் வாசல் அடச்சுத்தானே இருந்தது. அந்த அடச்ச வாசலப் பாத்துத்தான் எத்தனையோ வீட்டுக்காரங்க இங்க குருசடிக்கு வந்து நின்னாங்க. வேதத்துல சேந்ததுக்காக கை கால்ல விலங்கு போட்டு ஊர் ஊரா இழுத்துட்டுப் போயி, கடைசில 1752-ல காத்தாடிமலையில சுட்டுக் கொன்ன தேவசகாயம் நம்ம நட்டாலத்துக்காரரு. 2022 மே 15 அவரு புனிதரான அன்னைக்கு நாம எல்லாரும் வெடி போட்டோம். அவரு சொரூபம் இருக்கிற மண்டபத்துலதான் அந்தத் தீர்மானத்த வாசிச்சாங்க.

பேரவையில ஒரு அண்ணன் எங்கிட்ட சொன்னாரு, சுப்ரீம் கோர்ட்டே மதத்துக்கு விலக்கி வைக்க உரிமை உண்டுன்னு சொல்லியிருக்கு, நீ சும்மா இருன்னு. அத நான் தேடிப் படிச்சேன் அண்ணா. 1949-ல பம்பாய் மாகாணம் இந்த விலக்கு செல்லாதுன்னு சட்டம் போட்டது. தாவூதி போஹ்ரா முஸ்லீம்களோட தலைவர் அத எதிர்த்துப் போனாரு, 1962-ல அஞ்சு நீதிபதில நாலு பேரு அந்தச் சட்டத்த ரத்து பண்ணினாங்க, தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் ஒத்துக்கல. ஆனா நாலு பேரும் சொன்னது என்ன, மத நம்பிக்கைய காக்கறதுக்காக மதத் தலைமை பண்ற விலக்கத்தான். திருவிழா வரி பாக்கி எந்த விசுவாசப் பிரமாணத்துல வருது? அதுவும் போக, 2023 பிப்ரவரில அந்தத் தீர்ப்பையே திரும்பப் பாக்கணும்னு ஒன்பது நீதிபதி அமர்வுக்கு அனுப்பினாங்க. மகாராஷ்டிராவுல ஊர் ஒதுக்கி வைக்கிறது குத்தம்னே 2016-ல தனிச்சட்டம் கொண்டு வந்தாச்சு. நீங்க சொன்ன பாதி கதைய நம்பி நான் சும்மா இருக்க முடியாது.

வேதத்துல என்ன இருக்குன்னு கேப்பீங்க, கேளுங்க. மத்தேயு 18-ல சபைக்கும் செவிகொடுக்காதவன் உனக்கு ஆயக்காரன், அதாவது ஊரு ஒதுக்கி வச்ச வரி வசூல்காரன், மாதிரி இருக்கட்டும்னு இருக்கு, அத எனக்கு வாசிச்சுக் காட்டுன ஆளு இருக்காவ. சரி, ஆயக்காரன இயேசு என்ன பண்ணினாரு? அவன் வீட்டுல போய் சாப்பிட்டாரு. அந்த நற்செய்திக்குப் பேரா நிக்கிற மத்தேயுவே ஆயக்காரன்தான். யோவான் 9 இன்னும் நேரா வருது. பிறவிக் குருடனுக்குக் கண்ணு தெரியுது, அவன பெத்தவங்க ஜெபக்கூடத்துலேர்ந்து தள்ளிருவாங்கன்னு பயந்து எங்களுக்கு ஒண்ணும் தெரியாது அவனையே கேளுங்கன்னு ஒதுங்கிக்கிறாங்க, எங்க அப்பா ஒதுங்கின மாதிரி. அவன வெளிய தள்ளுறாங்க. தள்ளிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் இயேசு அவனத் தேடிக் கண்டுபிடிக்கிறாரு.

ஃபாதர், உங்களுக்கு நான் நன்றி சொல்லணும், அதையும் ஊரறியச் சொல்றேன். நீங்க வந்து சேந்தது நோட்டீஸ் வாசிச்ச பிறகுதான். பெரியம்மைக்கு முடியலன்னு கேட்டதும் ராத்திரி மழையில பைக்க நிறுத்திட்டு அந்த வீட்டுக்குள்ள போனீங்க, எண்ணெய் பூசி நன்மை கொடுத்தீங்க. என் அம்மை அன்னைக்குத்தான் முதல் தடவையா லைட்ட போட்டுட்டு சுவரத் தாண்டிப் போனா. மறுநாள் விடியக்காலைல பெரியம்ம போயிட்டாவ. சாவு மணி அடிக்க ஆளு இல்லாம நீங்களே கயித்தப் பிடிச்சீங்க. தூக்க எட்டு பேரு வேணும், அஞ்சு பேருதான் வந்தாங்க, அதுல ரெண்டு பேரு பக்கத்து பள்ளிவாசல் தெருக்காரங்க. சாவு வீட்டுல அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்துலேர்ந்துதான் கட்டஞ்சாயா வரணும், அன்னைக்கு ஒரு வீட்டுலேர்ந்துதான் வந்தது. கல்லறைத் தோட்டத்து சாவிய கமிட்டி கொடுத்துச்சு, அதயும் சொல்லணும்ல, ஆனா பதினோரு மணிக்குச் சொன்னது ரெண்டு மணிக்குத்தான் வந்தது.

ஃபாதர் நன்மை கொடுத்தாருன்னா அந்தப் பெரியம்ம விலக்கப்படலன்னுதான் அர்த்தம். திருச்சபை விலக்கல. அப்ப நோட்டீஸ்ல இருக்கிறது பொய். பொய்யான ஒரு சொல்ல அத்தனை நாளும் நம்பித்தான் அவிய ஜெபமாலை சொல்லாம இருந்தாவ.

நான் கேக்கறது பெருசு இல்ல. வரி பாக்கிய என்ன பண்ணணும்னு நீங்களும் அண்ணாச்சியும் பேசித் தீருங்க, தவணையாக் கூட வாங்கிக்குங்க, அதுல நான் வரல. மதில் கணக்க வாசிக்கணுமா வேண்டாமான்னு பொதுக்கூட்டம் முடிவு பண்ணட்டும். ஆனா தீர்மானப் புத்தகத்துல அந்தப் பக்கத்துல "திருச்சபை விலக்கு"ங்கிற ரெண்டு சொல்ல மட்டும் சிவப்பு மையில அடிச்சு, பக்கத்துல "இது எழுதியது தவறு"ன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். வாசிச்ச அதே ரெண்டாம் பூசை முடிஞ்சு, அதே மைக்குல, அத வாசிக்கணும். புதுநன்மை லிஸ்ட்டுல அந்தப் பிள்ளை பேர திரும்பச் சேக்கணும். பெரியம்மைக்கு நாப்பத்தொண்ணாம் நாள் பூசை வர்ற மாசம் வருது, அதுக்கு முன்னால முடிஞ்சா நல்லது.

வாசிக்க வேண்டியத நானே அடிச்சு வச்சிருக்கேன், ஒரு பக்கம்தான், பெரிய எழுத்துல. நாப்பது காப்பியும் எடுத்தாச்சு. போன தடவை நோட்டீஸுக்கு செயலாளர் கொடுத்த நூத்திருபது ரூபாய ஒரு கவர்ல போட்டு அதோட வச்சிருக்கேன். கடை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும், யாரு வந்தாலும் கொடுத்து விடறேன்.

இப்படிக்கு,
உங்க பங்குல ஞானஸ்நானம் வாங்கின, அந்த நோட்டீஸ அடிச்ச டிடிபி கடைக்காரி